அத்தை ஏறும் உயரம்

தமிழாசிரியை ஒருத்தி டயரைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். தேசியக் கல்விக் கழகத்தில் நான் பயின்ற பாடம் எதிலும் ஸ்பிரிங்கும் ஆக்சிலும் வந்ததாக நினைவில்லை. ஆயினும் 2024 மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விவாதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். வளர்ந்த பிள்ளையும் அவன் கையில் கார்ச் சாவியும் இருக்கிற வீடுகளுக்கு இது பயன்படலாம்.

எங்களிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு பதிவான சுசுகி ஜிம்னி. பக்கத்திற்கு ஒரு கதவும் பின்புறம் ஒரு கதவுமாக மூன்று கதவுகள், 1.3 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி. பத்தாண்டுகள் முடிந்து 2021இல் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தபோது, பழைய வண்டிக்கு இவ்வளவு பணமா என்று என் தாயார் இரண்டு நாள் புலம்பினார். அவர் சொன்னதில் தவறில்லை. சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது ஆடம்பரம். புக்கிட் மேராவிலிருந்து பள்ளிக்கு நான் இன்றும் பேருந்தில்தான் செல்கிறேன். அந்த வண்டி எங்களிடம் இருப்பது ஒருவருக்காகவே. அவர் என் மாமியார். நான் அத்தை என்று அழைப்பேன்.

அத்தை ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டப்புறத்தில் தம் தங்கையுடன் வாழ்கிறார். வயது எழுபத்தெட்டு. இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒருமுறையாவது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சிங்கப்பூருக்கே வந்துவிடுங்கள் என்றால், கோழிகளை யார் பார்ப்பது என்பார். தார்ச்சாலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. 2023 மார்ச்சில் யோங் பெங், குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு அந்தப் பாதை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் ஈர மண்ணில் இரண்டு வாய்க்கால்களை உழுதுவிட்டன. நடுவே ஒரு மேடு எழுந்து நின்றது.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒருநாள் காலை மழை. அத்தையை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் வந்ததும் வண்டியின் அடியில் ஏதோ உராய்ந்தது. வண்டி நின்றுவிட்டது. சக்கரங்கள் நான்கும் சேற்றில் சுழன்றன, வண்டி நகரவில்லை. என் கணவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். அச்சில் உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் அந்த நடுமேட்டின்மேல் வசதியாக உட்கார்ந்திருந்தது. ஒரு டிராக்டர் வந்து இழுத்துவிடும்வரை இரண்டு மணி நேரம் அத்தை வண்டிக்குள்ளேயே இருந்தார். மருத்துவரைப் பார்க்கும் நேரம் தவறிப்போயிற்று. "போனா போகுது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். என் கணவர் சிங்கப்பூர் வந்து சேரும்வரை பேசவில்லை.

பேசியவன் என் மகன். அப்போது அவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. மலேசியாவில் 1997இல் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் காட்டுப் பாதைப் போட்டியின் காணொளிகளை அவன் பார்க்காத நாளில்லை. மழைக்காலத்தையே தேர்ந்தெடுத்து, மார்பளவு சேற்றில் வண்டிகளை இறக்கும் போட்டி அது. அவற்றைப் பார்த்துப் பார்த்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மூன்று அங்குல 'லிஃப்ட்' போட வேண்டும். அதாவது நீளமான ஸ்பிரிங்குகளை மாட்டி வண்டியின் உடலை 75 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். கூடவே 31 அங்குல உயரமுள்ள முரட்டு டயர்கள். அவன் விசாரித்த ஒரு கடையில் இருந்த இளைஞரும் அதையே சொல்லி, விலைப்பட்டியலையும் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தத் தொகையைப் பார்த்த பின்னர்தான் நான் இந்த விவகாரத்தில் தலையிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் வசிக்கும் பகுதியில் கார்களுக்குக் குறைவில்லை. லெங் கீ சாலையில் புதிய கார்களின் காட்சிக் கூடங்கள் வரிசையாக நிற்கும். சற்றுத் தள்ளி அலெக்சாண்ட்ரா வில்லேஜில் பழுதுபார்க்கும் பட்டறைகள். அங்குள்ள ஒரு பட்டறையில் அறுபது வயதைத் தாண்டிய சீனர் ஒருவர் எங்கள் வண்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். அவரிடம் மலாயில்தான் பேசுவோம். மகன் தன் திட்டத்தை விளக்கினான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், வண்டியின் எந்தப் பாகம் தட்டியது என்று இரண்டே கேள்விகள் கேட்டார். கடையில் யாரும் கேட்காத கேள்விகள் அவை.

பிறகு வண்டியைத் தூக்கி, எங்களை அடியில் வரச்சொல்லிக் காட்டினார். பல கார்களில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும்படி அமைத்திருப்பார்கள். ஜிம்னியில் அப்படி இல்லை. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே உருக்குக் குழாய் இணைக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்பிரிங் அந்தக் குழாய்க்கு மேலே இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக்கினாலும் உயர்வது அதற்கு மேலே உள்ள உடல்தான். குழாயும் அதில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலும் இருந்த உயரத்திலேயே இருக்கும். மேட்டில் தட்டியது எதுவோ அதை லிஃப்ட் ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது! அதை உயர்த்த வேண்டுமானால் சக்கரம்தான் பெரிதாக வேண்டும்.

மகனுக்கு முகம் வாடிவிட்டது. உடல் உயர்ந்தால் முன் பம்பரும் பின் பம்பரும் மேட்டில் இடிக்காதே, பெரிய டயர் உரசாமல் சுழல இடம் கிடைக்குமே என்று வாதிட்டான். அதுவும் உண்மைதான் என்று பெரியவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்கான விலையையும் சொன்னார். சைக்கிளின் முன் கவை சற்று முன்னோக்கிச் சாய்ந்திருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அந்தச் சாய்வும் சக்கரம் தானாக நேர்திசைக்குத் திரும்ப ஒரு காரணம். காரின் முன்சக்கரங்களுக்கும் அப்படியொரு சாய்வு உண்டு. ஜிம்னியில் உடலை உயர்த்தினால், அச்சைப் பிடித்திருக்கும் நீண்ட கைகள் கீழ்நோக்கித் திரும்பி, அச்சும் சற்றே உருண்டு, அந்தச் சாய்வு குறைந்துவிடும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும். அதைச் சரிசெய்ய வேறு புஷ்கள் போட வேண்டும். அச்சு பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதற்குக் குறுக்குத் தண்டை மாற்ற வேண்டும். பிரேக் குழாய்களுக்கு நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். முகப்பு விளக்கு எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்த வேண்டும். இத்தனைக்கும் மேலாக, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2,250 மில்லிமீட்டரே உள்ள குட்டை வண்டி, 1,600 மில்லிமீட்டரே அகலம். அதன் எடை மேலே போகப் போக வளைவுகளில் சாயும் ஆபத்தும் கூடும்.

இறுதியாக, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்புவரை நாடாவால் அளந்து காட்டினார். பதின்மூன்று ஆண்டு உழைத்த எங்கள் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, வண்டி தன் இயல்பான உயரத்திலிருந்து 20 மில்லிமீட்டர் இறங்கிப்போயிருந்தது. உயர்த்துவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் இழந்த உயரத்தை மீட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

இங்கே ஆசிரியைக்கே உரிய ஒரு சிறு விலகல். 'சஸ்பென்ஷன்' என்பதற்கு அகராதிகள் ஏதேதோ சொல்கின்றன. நம் முன்னோர் வில்வண்டி என்றார்கள். பாரம் ஏற்றும் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. ஆட்கள் பயணம் செய்யும் வண்டிக்கு வில் உண்டு. ஸ்பிரிங்கின் வேலை என்ன என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இதை நான் அந்த மார்ச் விடுமுறையில் குளுவாங்கில் வைத்து மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தை அடுப்படியிலிருந்து குறுக்கிட்டார். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர்.

"கட்ட வண்டி சக்கரத்தப் பாத்திருக்கியா ஐயா? என் மாருக்கு இருக்கும். வண்டித்தடத்துல அச்சு தட்டக்கூடாதுன்னுதான் அவ்வளவு பெருசு. சக்கரம் பெருசானா அச்சு ஏறும். வில்லு பெருசானா குந்தியிருக்கிற ஆளுதான் ஏறுவான்."

பட்டறைப் பெரியவர் வண்டியைத் தூக்கி வைத்து அரைமணி நேரம் விளக்கியதை அத்தை வெங்காயம் உரித்தபடி சொல்லி முடித்துவிட்டார்.

புக்கிட் மேரா என்றால் சிவந்த குன்று. கடற்கரையில் வாள்மீன்கள் தாக்கியபோது வாழைத்தண்டுகளை அரணாக நிறுத்தலாம் என்று யோசனை சொன்ன சிறுவனின் கதையை இங்குள்ள பிள்ளைகள் அறிவார்கள். அவனுடைய அறிவுக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான், குன்று சிவந்தது என்று கதை முடியும். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லும் எனக்கு, வீட்டில் என் பிள்ளை ஏதேனும் யோசனை சொன்னால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றுவதில்லை. அந்த விடுமுறையில் அவன் இரண்டு காரியங்கள் செய்தான்.

முதலாவது, பாதையை அளந்தான். வாய்க்கால் இரண்டுக்கும் குறுக்கே நூல் கட்டி, இரும்பு அடிக்கோலை நிறுத்தி, நடுமேடு எவ்வளவு உயரம் என்று பதினான்கு இடங்களில் குறித்தான். பன்னிரண்டு இடங்களில் 160 முதல் 180 மில்லிமீட்டர். இரண்டு இடங்களில் 220ஐத் தாண்டியது. ஜிம்னியின் அடிவயிறு தரையிலிருந்து 190 மில்லிமீட்டர் என்பது தயாரிப்பாளர் கணக்கு. சேற்றில் சக்கரம் சிறிது புதையும் என்பதையும் கழித்தால், எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு விரற்கடை உயரம். மார்பளவுச் சேறு எங்கள் பாதையில் எங்கும் இல்லை.

இரண்டாவது, அத்தை வீட்டுக் கொல்லையில் கிடந்த பலகைகளை எடுத்தான். ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர் கனம். நான்கு சக்கரங்களின் அடியிலும் ஒவ்வொன்றாக அடுக்கினால், உயர்த்திய வண்டியில் பாட்டியால் ஏற முடியுமா என்று காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம் என்றான். அவனுடைய திட்டப்படி ஸ்பிரிங் 75, டயரால் 60, மீட்டெடுக்கும் 20 ஆக மொத்தம் 155. அதாவது நான்கு பலகை. ஒரு பலகையில் தொடங்கினான். அத்தை எப்போதும் போலக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார். இரண்டு பலகை வைத்தபோது முக்காலி போட வேண்டியிருந்தது. அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து ஏறி உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டினோம்.

இறங்கத்தான் முடியவில்லை.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே வேதனை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. ஒரு காலைக் கீழே விட்டு முக்காலியைத் தேடினார். எட்டவில்லை. மற்றக் காலில் பாரம் தாங்காமல் உடல் நடுங்கியது. மகன் இரு கைகளாலும் அவரைத் தூக்கி இறக்கினான். பேரன் கையில் குழந்தை போலத் தொங்கியது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். சேலையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க வண்டிய எப்படி வேணும்னாலும் பண்ணிக்கங்க. எனக்கு ஆஸ்பத்திரி வேணாம். மருந்த வாங்கியாந்து குடுத்தாப் போதும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

மூன்றாவது பலகையை மகன் எடுக்கவில்லை. இருந்தவற்றையும் உருவிக் கொல்லையில் போட்டான். இரவு உணவு முடியும்வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, லிஃப்ட் வேண்டாம் என்று அவனே தந்தையிடம் சொன்னான்.

எஞ்சியது டயர். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களைப் படிப்பது எளிது. பெற்றோர்கள் பிள்ளைகளுடன் செய்து பார்க்கலாம். எங்கள் பழைய டயர் 205/70 ஆர் 15. அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, அதாவது 143.5, நடுவில் உள்ள உருக்கு வட்டு 15 அங்குலம், அதாவது 381. மேலும் கீழும் இரு பக்கச்சுவர்கள் சேர மொத்த விட்டம் 668 மில்லிமீட்டர். அதே வட்டில் பொருந்தும் 215/75 ஆர் 15 என்ற அளவில் விட்டம் 703.5. வேறுபாட்டில் பாதிதான் அச்சை உயர்த்தும். ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். 190உடன் சேர்த்தால் 208. அந்த விரற்கடை கிடைத்துவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றுவதால் வரும் 20ஐயும் கூட்டினால், அத்தைக்கு உயர்வது 38 மில்லிமீட்டர். ஒரு பலகை.

அடுத்த பெரிய அளவான 235/75க்குப் போகலாமே என்று கணவருக்குச் சற்று ஆசை இருந்தது. அதற்கு இடம் வேண்டி உடலை உயர்த்தவும் உள்ளோரங்களை வெட்டவும் நேரும். சிறிய எஞ்சினும் பெரிய சக்கரத்தை உருட்டத் திணறும் என்று பெரியவர் தடுத்துவிட்டார். சேற்றுக்கே உரிய முரட்டு டயரும் வேண்டாமென்றார். புக்கிட் மேராவிலிருந்து குளுவாங் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலை. கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் மண். பெரிய இடைவெளிகள் உள்ள அந்த டயர்கள் மழைநாள் நெடுஞ்சாலையில் பிடிமானம் குறைந்தவை, இரைச்சலும் அதிகம். எல்லாப் பாதைக்கும் பொதுவான வகையையே எடுத்தோம். வாங்கும்போது, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணை மகன் குனிந்து படித்தான். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 0624 என்றால் 2024இன் ஆறாவது வாரம். எந்தக் காருக்கு டயர் வாங்கினாலும் இதைப் பார்க்கலாம்.

பெரிய சக்கரத்தால் வேறொரு விளைவும் உண்டு. ஒரு சுற்றுக்கு வண்டி 5.3 விழுக்காடு கூடுதலாக ஓடிவிடும். வேகமானிக்கு அது தெரியாது. முள் சரியாகவே காட்டும் வண்டியானால், 105 என்று காட்டும்போது உண்மை வேகம் 110ஐத் தாண்டியிருக்கும். வேகமானிகள் பொதுவாக உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி செய்யப்படுகின்றன; அந்தக் காப்பையே நாம் கரைத்துக்கொள்கிறோம். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் தோழியிடம் இதைச் சொன்னேன். வட்டத்தின் சுற்றளவுப் பாடத்திற்கு எங்கள் டயர் எண்களையே எடுத்துக்கொண்டார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது. சிலவற்றுக்கு ஒப்புதல் வேண்டியதில்லை, சிலவற்றுக்கு வேண்டும், சில அறவே கூடாது. சக்கரம் வண்டியின் உடலுக்கு வெளியே துருத்தி நிற்கக் கூடாது. கடைக்காரர் 'எல்லாரும் போடுகிறார்கள்' என்று சொல்வதை நம்பாமல், உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். நாங்கள் இரண்டையும் செய்து, மறுமொழி வந்த பிறகே டயரை மாட்டினோம். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பியபோது முன் டயர் சேறு தடுக்கும் ரப்பரில் இலேசாக உரசியது. பெரியவர் அதை ஒரு விரலளவு கத்தரித்தார். சக்கரங்களை நேர்செய்து முடிக்க மாலையாகிவிட்டது.

மேடு 220 மில்லிமீட்டரைத் தாண்டிய அந்த இரண்டு இடங்களை எந்த டயராலும் தீர்க்க முடியவில்லை. மகனின் அளவுக் குறிப்பை எடுத்துக்கொண்டு என் கணவர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனார். லிஃப்டுக்கு என்று ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியையும் அவர்கள் தந்ததையும் சேர்த்து, மேட்டைச் சீவி இரண்டு லாரிக் கற்களைக் கொட்டினார்கள். குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுநர் தம் பங்குக்குச் சமன்செய்து கொடுத்தார். ஆண்டுக்கொருமுறை மீண்டும் கல் கொட்ட வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

அவ்வாண்டு தீபாவளிக்கு முன்பு நல்ல மழை. அத்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பாதி வழியில் அடியில் ஏதோ ஓரிடத்தில் சுரண்டியது. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி நிற்காமல் போய்விட்டது. மருத்துவமனை வாசலில் அத்தை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாமே இறங்கினார். முக்காலியை எடுக்க ஓடிய மகனைக் கையசைத்து நிறுத்தினார்.

மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். பத்தாண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் உண்டான பரிசோதனையும் ஒருமுறை சிக்கலின்றி முடிந்தது. பழைய ஸ்பிரிங்குகள் நான்கும் எங்கள் கட்டிலுக்கு அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கின்றன. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் என் கணவர் இதுவரை விடை சொல்லவில்லை.